கால் பெடலில் மோட்டார் வேகம்: வைண்டிங் பட்டறைக்கும் தறி வீட்டுக்கும் ஒரு வழிகாட்டி

மோட்டாருக்குள் போகும் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, சுற்றும்போது இரண்டு கையும் வேலையில் இருக்கும். ஒரு கை வயரை ஒரே இறுக்கத்தில் பிடித்திருக்கும், இன்னொரு கை சுற்றுகளை ஒதுக்கிவிடும். வேகத்தைக் கூட்ட, குறைக்க, நிறுத்த மிச்சம் இருப்பது கால்தான். நெசவு ஊரான சென்னிமலைப் பக்கம் ராட்டையில் தார் (தறி நாடாவுக்குள் போகும் ஊடை நூல் குழல்) சுற்றுகிறவர்களுக்கும் இதே நிலைமை. நூல் அறுந்தால் அந்த நொடியே ராட்டை நிற்க வேண்டும்.

இந்த வேலையில் இறங்கியபோது விவரம் கேட்டு ஊரெல்லாம் அலைந்தேன். ஒரு கடையில், "இதுக்கெதுக்குங்கண்ணா டிரைவ், ஃபேன் ரெகுலேட்டரே போதுங்க" என்றார்கள். (டிரைவ் என்பது மின்சாரத்தின் அதிர்வெண்ணை, அதாவது ஹெர்ட்ஸை, மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் பெட்டி.) இன்னொரு கடையில், தையல் மெஷின் பெடலை எந்த மோட்டாருக்கும் மாட்டிவிடலாம் என்றார்கள். முதல் யோசனையில் மோட்டார் எரியும், இரண்டாவதில் பெடல் எரியும். நீங்கள் அந்த அலைச்சல் படக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எதை வாங்கினாலும் இரண்டு விஷயத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். நீங்களாகச் செய்யும் பெடலுக்குள் 230 வோல்ட் போகக் கூடாது, சின்ன சிக்னல் மட்டுமே போக வேண்டும். அடுத்தது, காலை எடுத்தாலும், பெடல் வயர் அறுந்தாலும், கரண்ட் போய்த் திரும்ப வந்தாலும், பெடலில் கால் இல்லாத மெஷின் நின்றே இருக்க வேண்டும்.

1. மோட்டாரின் பெயர்த் தகட்டைப் படியுங்கள்

பெடலைத் தேடுவதற்கு முன் மோட்டார் எந்த வகை என்று தெரிய வேண்டும். தகட்டைத் துடைத்துவிட்டு, வோல்ட், ஆம்பியர், எச்.பி., ஆர்.பி.எம்., ஸ்டாரா டெல்டாவா (த்ரீ பேஸ் மோட்டாரின் மூன்று வைண்டிங்கையும் இணைத்திருக்கும் விதம்) என்பது எல்லாம் தெரிகிற மாதிரி செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் காட்ட வேண்டியது இந்தப் படத்தைத்தான்.

கார்பன் பிரஷ் இருக்கும் ஏசி மோட்டார் (தையல் மெஷின், மிக்சி, டிரில் மெஷின்): வோல்டேஜைக் குறைத்தால் வேகம் குறையும். பெடலுக்கு ஒத்துவரும். ஆனால் வீட்டுத் தையல் மெஷின் பெடல் ஏறக்குறைய ஒரு ஆம்பியர் வரைக்கும்தான் தாங்கும். மிக்சி மோட்டார் 500, 750 வாட். அதைத் தையல் பெடலில் மாட்டினால் பெடல் சூடாகி உருகும். அதோடு, இந்த வகை மோட்டார் சுமை இல்லாமல் ஓடினால் வேகம் எகிறிக்கொண்டே போகும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு முழுப் பெடலை மிதிக்காதீர்கள்.

சிங்கிள் பேஸ் கண்டன்சர் மோட்டார் (கிரைண்டர் மோட்டார், சின்னப் பம்பு மோட்டார்): இதைப் பெடலுக்கு எடுக்கவே வேண்டாம். இதன் வேகத்தைத் தீர்மானிப்பது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண். வோல்டேஜைக் குறைத்தால் வேகம் சீராகக் குறையாது, இழுக்கும் பலம்தான் போகும், வைண்டிங் சூடேறும். உள்ளே சென்ட்ரிபியூகல் சுவிட்ச் உள்ள மோட்டாராக இருந்தால், வேகம் ஓரளவுக்குக் கீழே இறங்கியதும் அந்த சுவிட்ச் மறுபடி சேர்ந்துகொள்ளும். ஒரு சில நொடி மட்டும் வேலை செய்ய வேண்டிய ஸ்டார்ட்டிங் வைண்டிங் தொடர்ந்து ஓடி எரிந்துவிடும். ஃபேனில் ரெகுலேட்டர் வேலை செய்கிறதே என்று கேட்பீர்கள். ஃபேனுக்கு வேகம் குறையக் குறையச் சுமையும் வெகுவாகக் குறைகிறது, அதனால் தாங்குகிறது. காயில் மெஷினில் சுமை அப்படிக் குறையாது.

த்ரீ பேஸ் மோட்டார்: டிரைவ் வைத்தால் அருமையாகப் பெடலுக்கு வரும். வீட்டில் சிங்கிள் பேஸ் மட்டும் இருந்தாலும் பரவாயில்லை. 230 வோல்ட் சிங்கிள் பேஸ் உள்ளே வாங்கி 230 வோல்ட் த்ரீ பேஸ் வெளியே தரும் டிரைவ் கிடைக்கிறது.

தையல் மெஷின் சர்வோ மோட்டார்: நம் ஊருக்குக் கிடைத்த வசதி இது. திருப்பூரில் பனியன் கம்பெனி மெஷின்களுக்கு வருவது. மோட்டார், வேகக் கட்டுப்பாடு எல்லாம் ஒரே தொகுதி. பெடலுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் நடுவில் இருப்பது இரும்புக் கம்பிதான், காலுக்கு வயரே போகாது. 550 வாட் போதும் என்கிற வேலைக்கு இதுவே என் முதல் சிபாரிசு. அதிகபட்ச வேகத்தைப் பெட்டியிலேயே குறைத்து வைத்துக்கொள்ளலாம். பழையதும் கிடைக்கும். வாங்கும்போது கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், பெடல் கம்பி மாட்டும் கொக்கி உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. வேகத்தை முதலில் புல்லியில் குறையுங்கள்

பெடலில் மட்டுமே வேகத்தைக் குறைக்கப் பார்த்தால் மோட்டார் எப்போதும் தவழும் வேகத்தில் ஓடும். அதன் பின்புற ஃபேனும் மெதுவாகவே சுற்றும், காற்று போதாமல் சூடாகும். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுச் சுமையில் நெடுநேரம் ஓட்டக் கூடாது.

1440 ஆர்.பி.எம். மோட்டாரில் 2 அங்குலப் புல்லி, மெஷின் தண்டில் 8 அங்குலப் புல்லி வைத்தால், தண்டு 360 ஆர்.பி.எம். சுற்றும். பெடலில் 10 முதல் 50 ஹெர்ட்ஸ் வரை மாற்றினால் தண்டு ஏறக்குறைய 72 முதல் 360 வரை போகும். இழுக்கும் பலமும் நான்கு மடங்காகும். பம்பு மோட்டார் காயிலுக்கு இந்த அளவு தாராளம். லேத் பட்டறையில் புல்லி கடைய இரண்டு மூன்று நாள் கேட்பார்கள், அதனால் இந்த வேலையை முதலில் கொடுத்துவிடுங்கள்.

3. தார் ராட்டை போன்ற சின்ன வேலைக்கு

ராட்டைக்கு டிரைவ் எல்லாம் தேவையில்லை. வீட்டுத் தையல் மெஷினுக்கு விற்கும் மோட்டாரும் அதனுடனே வரும் பெடலும் போதும். இதில் பெடலுக்குள் 230 வோல்ட்தான் போகிறது என்பதை மறக்க வேண்டாம். பிளாஸ்டிக் உடல், விரிசல் கூடாது, உள்ளே யாரும் கைவைத்திருக்கக் கூடாது. வயர் தோல் உரிந்திருந்தால் பெடலையே மாற்றுங்கள், டேப் சுற்றி ஓட்டாதீர்கள். சாணம் மெழுகிய தரையிலும் ஈரத் தரையிலும் பலகை போட்டு அதன்மேல் வையுங்கள். பழைய இரும்புப் பெடலுக்குள் இதன் சர்க்யூட்டை மாற்றிப் பொருத்துவது மிக ஆபத்து.

வேலை முடிந்ததும் பிளக்கை உருவிவிடுங்கள். ராட்டை பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில் இருக்கும், பெடல் குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான் மாதிரி தெரியும்.

4. டிரைவ் வாங்கும்போது

கடையில் 'விஎஃப்டி' என்றோ 'டிரைவ்' என்றோ கேளுங்கள். ஒரு எச்.பி. மோட்டாருக்கு ஒரு எச்.பி. டிரைவ், சிங்கிள் பேஸ் இன்புட்.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நம் ஊரில் ஒன்று, ஒன்றரை எச்.பி. த்ரீ பேஸ் மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட் ஸ்டார் கனெக்‌ஷன். 230 வோல்ட் டிரைவில் அதை அப்படியே மாட்டினால் மோட்டார் சுற்றும், ஆனால் பலம் இருக்காது. டெல்டாவுக்கு மாற்ற வேண்டும். டெர்மினல் பெட்டியில் ஆறு முனை இருந்தால், முனைகளை இணைக்கும் பட்டியை மாற்றிப் போட்டால் போதும். மூன்று முனைதான் இருக்கிறது என்றால் ஸ்டார் முடிச்சு உள்ளேயே கட்டப்பட்டிருக்கும். ரீவைண்டிங் கடையில் அதைப் பிரித்து ஆறு முனையாக வெளியே எடுத்துத் தருவார்கள். சித்திரை, வைகாசியில் மட்டும் கொடுக்காதீர்கள். போர்வெல் மோட்டார்கள் எரிந்து வந்து குவிந்திருக்கும், உங்கள் சின்ன மோட்டார் மூலையில் கிடக்கும்.

தகட்டில் ஸ்டாரில் 1.8 ஆம்பியர் என்று இருந்தால் டெல்டாவில் ஏறக்குறைய 3.1 ஆம்பியர். டிரைவில் மோட்டார் ஆம்பியரைப் பதியும்போது இந்த மாற்றிய கணக்கைப் பதிய வேண்டும்.

கடையிலேயே உறுதி செய்ய வேண்டியவை: 10 வோல்ட் தரும் முனையும் அனலாக் இன்புட்டும் (வேகச் சிக்னலை வாங்கும் முனை) இருக்கிறதா, வெளி சுவிட்ச் மூலம் ஓட விடலாமா, அச்சிட்ட கையேடு உண்டா. கையேடு இல்லாத டிரைவை விலை குறைவு என்று வாங்கினால் ஒவ்வொரு அமைப்புக்கும் யாரையாவது தேடி ஓட வேண்டியிருக்கும்.

டிசி மோட்டாருக்கு விற்கும் மலிவான வேகக் கட்டுப்பாட்டு போர்டுகளிலும், டிம்மர் போர்டுகளிலும் திருகுக் குமிழ் நேராக மெயின் கரண்டுடன் இணைந்திருக்கும். குமிழைக் கழற்றி நீள வயர் போட்டு இரும்புப் பெடலுக்குள் வைத்தால், மிதிப்பது 230 வோல்டின் மேலே. இதைச் செய்யவே செய்யாதீர்கள். வேகக் குமிழ் மெயினிலிருந்து தனியாகப் பிரிந்திருக்கிறது என்று கையேடு சொன்னால் மட்டுமே பெடலுக்கு எடுங்கள்.

5. பெடலைச் செய்வது

டிரைவுக்கு வேண்டியது 0 முதல் 10 வோல்ட் சிக்னல். இரண்டு வழி உண்டு.

முதல் வழி, 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர், அதாவது ரேடியோவில் சத்தம் கூட்டும் குமிழ் மாதிரி திருகும் சாமான். 'பி 10 கே' என்று அச்சிட்டதை வாங்குங்கள், அது சீராக ஏறும். 'ஏ' வகை ஆடியோவுக்கானது. அதில் பாதிப் பெடல் வரை வேகமே தெரியாது, அப்புறம் திடீரென்று பாயும். பொட்டென்ஷியோமீட்டர் முக்கால் வட்டம் சுற்றக்கூடியது, பெடலோ கொஞ்சம்தான் சாயும். பல்சக்கரம் தேடி அலைய வேண்டாம். ஒரு சின்னக் கையும் இணைப்புக் கம்பியும் வைத்து அறுபது எழுபது பாகை திரும்பினால் போதும், மிச்சத்தை டிரைவில் சரிசெய்துகொள்ளலாம். பெடல் அடியில் முட்டி நிற்பது இரும்புத் தடுப்பில்தான் இருக்க வேண்டும். பொட்டென்ஷியோமீட்டரின் கடைசியில் முட்டினால் அது சில வாரத்தில் உடையும்.

இரண்டாவது வழி, எலக்ட்ரிக் ஆட்டோவில் வரும் கால் ஆக்சிலேட்டர். உறுதியான உடல், ஸ்பிரிங் உள்ளேயே இருக்கும், உள்ளே இருப்பது காந்தத்தைத் தொடாமலே உணரும் ஹால் சென்சார் என்பதால் உராய்ந்து தேய்வதில்லை. ஆனால் அதற்கு வேண்டியது 5 வோல்ட். டிரைவின் 10 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் சென்சார் போய்விடும். வோல்டேஜைக் குறைத்து நிலையாகத் தரும் 7805 ஐ.சி. போட்டு 5 வோல்ட் ஆக்கிக் கொடுங்கள். காலை எடுத்த நிலையிலும் இது 0.8 வோல்ட் அளவுக்குச் சிக்னல் தரும், முழுதாக மிதித்தால் 4.2 வோல்ட் அளவு. இதையும் டிரைவில் சொல்லிவைக்க வேண்டும்.

எந்த வழியானாலும், பெடலில் ஒரு லிமிட் சுவிட்ச் கட்டாயம். லேசாக மிதித்ததும் சேர வேண்டும், காலை எடுத்ததும் பிரிய வேண்டும். ஏன் என்றால், பொட்டென்ஷியோமீட்டருக்குப் போகும் மூன்று வயரில் பூஜ்ஜிய முனைக்குப் போவது அறுந்தால், டிரைவுக்கு முழுப் பெடல் மிதித்த மாதிரி சிக்னல் போகும். நீங்கள் காலை எடுத்தாலும் மோட்டார் முழு வேகத்தில் ஓடும். லிமிட் சுவிட்ச் இருந்தால் காலை எடுத்த நொடியில் 'ஓடு' என்ற கட்டளையே துண்டிக்கப்படும். நூறு இருநூறு ரூபாய் சாமான் இது, ஆனால் இந்த வேலை முழுவதிலும் இதைவிட முக்கியமானது இல்லை.

ஸ்பிரிங் ஒன்றுக்கு இரண்டாகப் போடுங்கள், ஒன்று ஒடிந்தாலும் பெடல் மேலே வர வேண்டும். பெடலுக்கு மேலே கூடு மாதிரித் தகடு வளைத்து மூடுங்கள். காயில் கட்டோ ஸ்பானரோ விழுந்து மெஷின் தானாக ஓடக் கூடாது. குதிகால் தரையில் ஊன்றி விரல் பக்கம் மட்டும் மிதிக்கிற உயரம் இருந்தால் கால் வலிக்காது, வேகமும் கைவசப்படும்.

6. வயரிங்

மெயின் பக்கத்தை லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் விடுங்கள். அவரிடம் கேட்க வேண்டியவை: தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்), டிரைவுக்கும் மோட்டாருக்கும் மெஷின் சட்டத்துக்கும் எர்த், 16 ஆம்பியர் பாயிண்டிலிருந்து 2.5 ஸ்கொயர் வயர். ஆர்.சி.சி.பி.யில் எந்த டைப் என்று டிரைவ் கையேட்டில் பார்த்து வாங்குங்கள். சாதாரண ஏசி டைப் போட்டால் அடிக்கடி டிரிப் ஆகலாம், அல்லது டிரிப் ஆக வேண்டிய நேரத்தில் ஆகாமலும் இருக்கலாம்.

டிரைவுக்கு முன்னால் ஒரு கான்டாக்டர் (உள்ளே உள்ள காயிலின் காந்தத்தால் சேரும் சுவிட்ச்), பச்சை சிவப்பு பட்டனுடன். கரண்ட் போனால் கான்டாக்டர் விழுந்துவிடும், திரும்ப வந்தாலும் நீங்கள் பச்சையை அழுத்தும் வரை டிரைவுக்குக் கரண்ட் போகாது. காளான் தலை எமர்ஜென்சி சுவிட்சை, உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டும்படி வையுங்கள். அதில் இரண்டு கான்டாக்ட் உள்ளதாக வாங்கி, ஒன்றைக் கான்டாக்டர் காயிலுக்கும் இன்னொன்றை லிமிட் சுவிட்ச் வரிசையிலும் கொடுங்கள்.

பெடலுக்குப் போகும் கேபிள் ஷீல்டு (வயர்களைச் சுற்றிய உலோக உறை) உள்ளதாக இருக்கட்டும். ஷீல்டை டிரைவ் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். மோட்டார் வயருடன் சேர்த்துக் கட்டினால் வேகம் நடுங்கும்.

டிரைவ் போனதற்குக் கேள்விப்படும் காரணங்களில் முதலாவது, மெயின் வயரை அவுட்புட் முனையில் கொடுத்துவிடுவது. அதற்கு வாரண்டியும் கிடைக்காது. வைண்டிங் பட்டறைக்காரருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மோட்டாரை மெகர் (உயர் வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) போட்டுப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. டிரைவிலிருந்து வயரைக் கழற்றாமல் மெகர் போட்டால் டிரைவ் அந்த இடத்திலேயே முடிந்தது.

கரண்டை நிறுத்திய பிறகும் டிரைவின் கெப்பாசிட்டரில் உயிர்போகும் வோல்டேஜ் நிற்கும். சார்ஜ் விளக்கு அணைந்து, பத்து நிமிடம் போன பிறகே மூடியைத் திறங்கள்.

7. டிரைவில் அமைப்புகள்

எண்கள் டிரைவுக்கு டிரைவ் மாறும், கையேட்டில் தேடுங்கள். மாற்ற வேண்டியவை இவ்வளவுதான்: ஓடும் கட்டளை வெளி முனையிலிருந்து, வேகம் அனலாக் இன்புட்டிலிருந்து, அதிகபட்சம் 50 ஹெர்ட்ஸ், வேகம் ஏற 2 முதல் 3 நொடி, இறங்க 1 முதல் 2 நொடி, மோட்டார் ஆம்பியர். கரண்ட் வந்ததும் தானாக ஓடுவதைத் தடுக்கும் அமைப்பு இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். இறங்கும் நேரத்தை ரொம்பக் குறைத்தால் டிரைவ் 'ஓவர் வோல்டேஜ்' காட்டி நிற்கும், கொஞ்சம் கூட்டுங்கள்.

பிறகு மல்டிமீட்டரை சிக்னல் முனையில் வைத்து, காலை எடுத்த நிலையில் எவ்வளவு வோல்ட், முழுதாக மிதித்தால் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். மேலே 3.2 வோல்ட் வருகிறது என்றால் 3.2 வோல்ட்டுக்கு 50 ஹெர்ட்ஸ் என்று பதியுங்கள். கீழே 0.8 வந்தால் 1 வோல்ட் வரை பூஜ்ஜியம் என்று வையுங்கள். பொட்டென்ஷியோமீட்டர் சிறிது கோணமே திரும்பினாலும் முழு வேகம் கிடைப்பது இப்படித்தான். மாற்றிய எண்களை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

8. பெல்ட் மாட்டும் முன் சோதனை

பெல்ட் இல்லாமல், டிரைவில் மாட்டிய த்ரீ பேஸ் மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள். திசை தப்பாக இருந்தால் அவுட்புட்டில் இரண்டு வயரை இடம் மாற்றுங்கள். அடுத்து, மெயினை நிறுத்தி, பத்து நிமிடம் காத்திருந்து, பெடல் வயர்களில் ஒன்றைக் கழற்றி, மறுபடி பச்சையை அழுத்திக் கரண்ட் கொடுங்கள். பெடலைத் தொடாமல் மோட்டார் அசையக் கூடாது. இப்படி ஒவ்வொரு வயராக. காத்திருப்பது சலிப்பாக இருக்கும், ஒரு மத்தியானமே போகும், ஆனாலும் ஒரு வயரையும் விடாதீர்கள். கடைசியாக, ஓடும்போது எம்.சி.பி.யை இறக்கி ஏற்றிப் பாருங்கள்.

எல்லாம் சரி என்றால் பெல்ட்டை மாட்டி, பெல்ட்டுக்கு வலைக்கூடு போட்டு மூடுங்கள். முந்தானை, துண்டு, பின்னல், வளையல் எதுவும் புல்லிப் பக்கம் போகவே முடியாதபடி கூடு இருக்க வேண்டும்.

9. காகிதம், செலவு, நாள்

ஜி.எஸ்.டி. பில்லில் டிரைவின் சீரியல் நம்பரை எழுதச் சொல்லி வாங்குங்கள், வாரண்டிக்கு அதுதான் ஆதாரம். வீட்டு மின் இணைப்பில் பட்டறை நடத்தினால் கட்டண வகை பிரச்சினை வரும். குடிசைத் தொழில், குறுந்தொழிலுக்கு மின் வாரியத்தில் 3-ஏ(1) என்று தனிக் கட்டண வகை இருக்கிறது. மாற்ற விண்ணப்பிக்கும் முன், குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை முடித்துவைப்பது நல்லது. ஆதாரும் பான் எண்ணும் போதும், அரசு இணையதளத்தில் அது முழுக்க இலவசம். பதிவு செய்து தருகிறோம் என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள். கைத்தறி நெசவாளர் என்றால் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசச் சலுகை இருக்கிறது. ராட்டைக்கு மோட்டார் போடும் முன் மின் வாரியப் பிரிவு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கோவை, திருப்பூர் கடைகளில் விசாரித்த அளவில் சொல்கிறேன், கடைக்குக் கடை மாறும். தையல் மோட்டாரும் பெடலும் ஆயிரம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள். சர்வோ மோட்டார் புதியது 6,000 முதல் 9,000. ஒரு எச்.பி. டிரைவும் ஏறக்குறைய அதே விலை. பெடல் சாமான்கள் 1,500-க்குள், கான்டாக்டர், எமர்ஜென்சி சுவிட்ச், பெட்டி எல்லாம் சேர்த்து 3,000, ஆர்.சி.சி.பி. 1,500 முதல் 2,500. பழைய த்ரீ பேஸ் மோட்டார் உக்கடம் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். ஆனால் தண்டைக் கையால் சுற்றி, பேரிங் சத்தம் கேட்டு, மெகர் போட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

புல்லியும் ஆறு முனையும் கைக்கு வந்த பிறகு, மிச்ச வேலை வாரக் கடைசி ஒன்றில் முடிந்துவிடும்.

10. ஓட ஆரம்பித்த பிறகு

தறி இருக்கும் வீட்டில் பஞ்சுத் தூசு டிரைவின் ஃபேனை அடைத்துவிடும். வாரம் ஒரு தடவை, கரண்டை நிறுத்திவிட்டு பிரஷால் தட்டிவிடுங்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழவில்லை என்றால் அன்றே மாற்றுங்கள். பெடலை லேசாக மிதிக்கும்போது வேகம் நடுங்க ஆரம்பித்தால் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்துவிட்டது என்று பொருள். முதலிலேயே இரண்டாக வாங்கி, ஒன்றை முனைகளில் வயர் பற்றவைத்த நிலையில் பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தால், வேலை நடுவில் கடைக்கு ஓட வேண்டியதில்லை.